பொதுத் தரவில் புதிய ஆர்.என்.ஏ வைரஸைத் தேடுவது எப்படி?

ரெட்ரோவைரஸ்கள் நீங்கலாக, ஆர்.என்.ஏ வைரஸ்களை இனங்காட்டும் மரபணு ஒன்று உண்டு: ஆர்.என்.ஏ-வைப் பார்த்து ஆர்.என்.ஏ-வையே படியெடுக்கும் பாலிமரேஸ். 2022-இல் வெளியான செர்ராட்டஸ் ஆய்வு 57 லட்சம் மாதிரிகளைச் சலித்து 1,30,000-க்கும் மேற்பட்ட புதிய வைரஸ்களைக் கண்டது இதை வைத்துத்தான்.

எஸ்.ஆர்.ஏ என்ற பொது மரபணு வரிசைத் தரவுக் கிடங்கிலிருந்து, ரைபோசோம் ஆர்.என்.ஏ நீக்கப்பட்ட தரவை எடுங்கள். ஆர்.என்.ஏ-வின் முனையில் அடினின்கள் தொடரும் பாலி-ஏ வாலைப் பிடித்துத் தயாரித்த தரவில் வாலில்லாத வைரஸ்கள் பெரும்பாலும் விடுபட்டுப்போகும். ஃபாஸ்ட்பி என்ற மென்பொருள் கொண்டு அடாப்டர்களை (வரிசையறிய ஒட்டப்பட்ட செயற்கைத் துண்டுகளை) வெட்டி, மெகாஹிட் என்ற மென்பொருளில் துண்டுகளைக் கோத்து, தொடக்கத்தில் 1,000 காரங்களுக்குக் குறைந்தவற்றை ஒதுக்கிவையுங்கள். அடுத்து டயமண்ட் மென்பொருளில் பிளாஸ்ட்-எக்ஸ் (வரிசையைப் புரதமாக மொழிபெயர்த்து, தெரிந்த புரதங்களோடு ஒப்பிடும் முறை); தற்செயல் பொருத்தங்களை அளக்கும் ஈ-மதிப்பின் வரம்பு 0.00001. புரத ஒப்பீடுதான் வேண்டும். தூரத்து உறவு நியூக்ளியோடைடு ஒப்பீட்டில் தெரியாது.

பலரும் சறுக்குவது இதற்குப் பிறகுதான். பாலிமரேஸின் ஏ, பி, சி என்னும் மையக்கூறுகள் (அதிகம் மாறாத குறுவரிசைகள்) மூன்றும் இருக்கின்றனவா? சி-யில் பொதுவாகக் கிளைசின்-அஸ்பார்டேட்-அஸ்பார்டேட் என்ற அமினோ அமில வரிசை வரும். நடுவே நிறுத்தக் குறியன்கள் (புரத உருவாக்கத்தை முடிக்கும் குறிகள்) குறுக்கிட்டால், ஓம்புயிரியின் மரபணுத்தொகுதியில் பதிந்துபோன பழைய எச்சமாக இருக்கலாம். கோத்த வரிசையின் மேல் மூல வாசிப்புகளைத் திரும்பப் பொருத்துங்கள்; அதே வரிசையறி ஓட்டத்தின் வேறொரு மாதிரியில் அந்த வைரஸ் பல்லாயிரம் மடங்கு அதிகம் இருந்தால், அங்கிருந்து கசிந்திருக்கவே வாய்ப்பு அதிகம். பூச்சியில் கிடைத்தது பூச்சியின் வைரஸ் என்று எழுதிவிடாதீர்கள். அதன் குடலில் இருந்த பூஞ்சைக்கும் உரியதாகலாம்.