போர்க்காலப் பதிவுகளில் பாட்டாவைத் தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

இரண்டாம் உலகப்போர் நடந்தபோது நம் பாட்டாவும் பாட்டியும் எங்கே இருந்தார்கள், என்ன வேலை பார்த்தார்கள் என்று தேடப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதல் அடியையே தப்பாக வைக்கிறார்கள். போர்க்கால மக்கள் பதிவேடு என்று இணையத்தில் தட்டினால் வருவதெல்லாம் இங்கிலாந்துக் கதை. அங்கே 1939 செப்டம்பர் 29 அன்றைய நிலவரப்படி பொதுமக்களை வீடுவாரியாக, பெயர், பிறந்த தேதி, தொழிலோடு எழுதி வைத்தார்கள். அவர்களுடைய 1931 கணக்கெடுப்புத் தாள்கள் 1942-இல் தீயில் போய்விட்டன. 1941-இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. ஆகவே அந்த ஒரு பதிவேட்டைப் பிடித்துக்கொண்டுதான் அவர்கள் வம்சாவளி எழுதுகிறார்கள். அதிலும் பிறந்து நூறு ஆண்டு ஆகாதவர்களின் வரி, இறந்ததற்குச் சான்று இல்லாவிட்டால் மறைக்கப்பட்டே இருக்கும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்து நாகர்கோவிலுக்கோ குளச்சலுக்கோ அப்படிப் பொதுப் பார்வைக்குத் திறந்த ஏடு கிடையாது. இந்தியாவில் 1941-இல் கணக்கெடுப்பு நடந்தது உண்மை. திருவிதாங்கூரில் 60 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை எண்ணினார்கள். போர்ச் செலவு காரணமாக அட்டவணைகளைச் சுருக்கிவிட்டார்கள் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அச்சில் வந்த அறிக்கையில் எண்கள்தான் இருக்கும், ஆட்களின் பெயர் இருக்காது. கணக்கெடுப்பில் எழுதியதைப் பார்வையிட யாருக்கும் உரிமை இல்லை என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு சொல்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டால் பாட்டாவின் சீட்டு வந்துவிடும் என்று காத்திருக்காதீர்கள்.

அடுத்தது, ரயில் ஏறி எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போவது. நம் மாவட்டம் பிறந்ததே 1956 நவம்பர் 1-இல். அதற்கு முன் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூரில் இருந்தன. போர்க்காலத்தில் இங்கே ஆட்சி செய்தது சென்னை மாகாண அரசு இல்லை, மகாராஜாவின் அரசு. அந்த அரசின் கோப்புகளைத் தேட வேண்டிய இடம் திருவனந்தபுரம், கேரள மாநில ஆவணக் காப்பகம். மலையாளம் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். விளவங்கோட்டுப் பக்கம் அது எல்லா வீட்டிலும் இருக்கிற ஆள்தான்.

அப்புறம் ஆண்டு. எனக்குத் தெரிந்து அதிகம் பேர் வழுக்கி விழுவது இங்கேதான். பழைய ஏடுகளிலும் பத்திரங்களிலும் இருப்பது கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டு. அதோடு 825-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வந்துவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். பாதிதான் சரி. கொல்லம் ஆண்டு சிங்க மாதத்தில், அதாவது ஆகஸ்ட் நடுவில் தொடங்குகிறது. 1118 சிங்கம் என்றால் 1942 ஆகஸ்ட், செப்டம்பர். 1118 மகரம் என்றால் 1943 ஜனவரி, பிப்ரவரி. ஆகவே சிங்கம் முதல் டிசம்பர் முடியும்வரை 824, ஜனவரி முதல் கர்க்கடகம் முடியும்வரை 825. தனு மாதம் இரண்டு ஆங்கில ஆண்டுகளிலும் கால் வைத்திருப்பதால் நாளையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். போர்க்காலத்தில் ஓராண்டு பிசகினால் கதையே மாறிவிடும். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரணடைந்தது, மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது, பர்மா அரிசி நின்று நம் ஊர்களில் மரச்சீனிக் கிழங்கே (மரவள்ளி) சாப்பாடானது. ஒருவர் அதற்கு முன் ஊர் திரும்பினாரா பின்னா என்பதை அந்த ஒரு எண்தான் சொல்லும்.

பெயர் சொல்லும் ஏடுகள் நம் மாவட்டத்தில் அதிகம் கிடைப்பது கிறிஸ்தவக் கோவில்களிலும் சபைகளிலும்தான். ஆனால் இன்றைய பெயரை வைத்துக்கொண்டு அன்றைய புத்தகத்தைத் தேடினால் சிக்கல். தென்னிந்தியத் திருச்சபை உருவானது 1947-இல். போர்க்காலத்தில் அந்தச் சபைகளில் பல லண்டன் மிஷன் வழிவந்தவை, தென்னிந்திய ஐக்கிய சபையில் இருந்தவை. கத்தோலிக்கர் பக்கம் கோட்டாறு மறைமாவட்டம் 1930-இல் கொல்லத்திலிருந்து பிரிந்தது. பாட்டாவின் ஞானஸ்நானம் கோட்டாறு காலத்தில் இருக்காது, அவருடைய பிள்ளைகளுடையது இருக்கும். கிளைச் சபை பின்னால் தனிப் பங்காக, அதாவது தனிக் குரு உள்ள சபையாக ஆகியிருந்தால் பழைய புத்தகம் தாய்ப் பங்கிலேயே தங்கியிருக்கலாம். இவை அரசு ஆவணங்கள் இல்லை என்பதையும் மனதில் வையுங்கள். சட்டத்தைக் காட்டி அதட்டினால் வேலை நடக்காது.

ஞானஸ்நானத் தேதியைப் பிறந்த தேதியாக எழுதிக்கொள்வது சின்னத் தவறு. பள்ளிச் சான்றிதழில் உள்ள தேதியை அப்படியே நம்புவது அதைவிடப் பெரிய தவறு. பிள்ளையைச் சேர்க்கும்போது வயது சரியாக வரும்படி வாத்தியார் போட்ட தேதி அது. வீட்டில் இரண்டு பிள்ளைகளின் பிறந்தநாள் ஐந்து மாத இடைவெளியில் இருந்தால் பாட்டியைச் சந்தேகப்படாதீர்கள், வாத்தியாரைச் சந்தேகப்படுங்கள்.

நாஞ்சில் நாட்டு வேளாளர், நாயர் குடும்பங்களில் தேடுகிறவர்கள் அப்பா பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போகக் கூடாது. தாய்மாமன் சொத்து மருமக்களுக்குப் போகும் மருமக்கள் வழியை மாற்றிய நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது 1926-இல். போர்க்காலத்தில் வளர்ந்த ஆட்களாக இருந்தவர்கள் அதற்கு முன், மருமக்கள் வழி நடந்த நாளில் பிறந்தவர்கள். பழைய காகிதங்களில் குடும்பத் தலைவராகக் காரணவர், அதாவது தாய்மாமன் இருப்பார். தலைப்பெழுத்து அவர் பெயராகவோ வீட்டுப் பெயராகவோ இருக்கலாம்.

கடல் தாண்டிப் போனவர்களுக்கு வேறு கணக்கு. மலாயாவில் 1931-க்குப் பிறகு கணக்கெடுப்பு நடந்தது 1947-இல்தான். இலங்கையில் 1946. பர்மாவில் 1941-இல் எடுத்தார்கள், தாள்கள் பெரும்பாலும் போரில் அழிந்தன. பினாங்கிலோ சிங்கப்பூரிலோ ஜப்பான்காரர் ஆட்சியில் பதிவான பிறப்புச் சான்றிதழ் வீட்டுப் பெட்டியில் இருந்தால், அதில் 2603 என்று ஆண்டு போட்டிருப்பதைப் பார்த்து அச்சுப் பிழை என்று ஒதுக்கிவிடாதீர்கள். அது ஜப்பானியப் பேரரசு ஆண்டு. 660-ஐக் கழித்தால் 1943. ஊர் சியோனான் என்று இருந்தால் அது சிங்கப்பூர். இனம் என்ற கட்டத்தில் தமிழர் என்று மட்டும் தேடுவதும் ஆபத்து. திருவிதாங்கூரிலிருந்து வந்தவர் என்றாலே மலையாளி என்று எழுதிவிடும் குமாஸ்தா இருந்திருப்பார்.

பட்டாளத்தில் இருந்தவர் என்றால் பலரும் முதலில் போவது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்துக்கு. இலவசம், நல்ல தளம், சில வரிகளில் இன்னார் மகன், இன்ன ஊர் என்றுகூட இருக்கும். ஆனால் அது 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை படைப்பணியில் உயிர்விட்டவர்களின் பட்டியல். உயிரோடு திரும்பி வந்து பென்ஷன் வாங்கியவரை அதில் தேடி என்ன பயன்? ஜப்பான்காரர் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களும் அதில் வர மாட்டார்கள், அவர்கள் படைவீரர் இல்லை என்பதால். அவர்களுக்கு முழுமையான பெயர்ப் பட்டியல் எங்குமே கிடையாது. பெயர் இல்லாததால் அங்கே சாகவில்லை என்று முடிவு கட்டுவது அநியாயம்.

திரும்பி வந்த வீரர்களுக்கு அந்தந்த ரெஜிமெண்டின் ரெக்கார்ட்ஸ் அலுவலகம்தான் வழி. திருவிதாங்கூர் நாயர் படையின் இரண்டு பட்டாலியன்களும் சுதந்திரத்துக்குப் பிறகு மெட்ராஸ் ரெஜிமெண்டில் 9-ஆவது, 16-ஆவது பட்டாலியன்கள் ஆயின. அதன் மையம் நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. எழுதும்போது படை எண் இருந்தால் பாதி வேலை முடிந்தது. எண் தெரியாவிட்டால் டிரங்குப் பெட்டியில் கிடக்கும் மெடலை எடுத்து, முகப்பைப் பார்த்துவிட்டு வைத்துவிடாமல் விளிம்பைச் சாய்த்துப் பாருங்கள். இந்தியப் படையினரின் மெடல்கள் பலவற்றில் எண், பதவி, பெயர், படைப்பிரிவின் சுருக்கம் அந்த மெல்லிய ஓரத்தில் பொறித்திருக்கும். புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், எழுத்து மழுங்கிவிடும். வெளிச்சத்தில் சாய்த்துப் போட்டோ எடுத்தால் போதும்.

பங்கு அலுவலகத்துக்குப் போகிறவர்கள் திருவிழாவும் கிறிஸ்துமஸும் இல்லாத மாதமாகப் பார்த்து, பெயர், ஏறக்குறைய எந்த ஆண்டு, பெற்றோர் பெயர், எந்த விளை (குடியிருப்பு) என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பெயரை ஆங்கிலத்தில் எப்படியெல்லாம் எழுதியிருக்கலாமோ அதையும் சேர்த்து எழுதுங்கள். சான்றிதழ் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பாமல், அந்தப் பக்கம் முழுவதையும் படம் எடுக்க அனுமதி கேளுங்கள். சான்றிதழில் ஏறாத ஞானப்பெற்றோர் பெயரும் ஓரக் குறிப்பும் ஏட்டில் இருக்கும். ஞானப்பெற்றோராக நிற்பது பெரும்பாலும் அத்தையும் மாமாவும்தான்.