மெஷின் வாங்குவதற்கு முன்: ஒரு நாட்டின் காற்றை அளக்கத் திட்டம் போடுவது எப்படி?

வளரும் நாடு ஒன்றில் காற்றுத் தரக் கண்காணிப்பு என்ற பேச்சு எழுந்தால் முதலில் கிளம்புவது டெண்டர்தான். கருவி வந்து இறங்கும், ரிப்பன் வெட்டுவார்கள், மூன்றாவது வருடம் ஏசி பழுதாகும், அப்புறம் திரையில் வெறும் கோடுதான் ஓடும். அதனால் கருவிப் பேச்சை இங்கே நான்காவது படிக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். உதாரணத்துக்கு இந்தியா. நாற்பது வருட அனுபவம். சரியாகச் செய்ததும் சொதப்பியதும் அதில் சேர்ந்தே கிடைக்கும்.

படி 1: எதற்காக அளக்கிறோம் என்று ஒரே வரியில் எழுதுங்கள்

சட்டத்தின் ஆண்டு வரம்பை மீறுகிறோமா என்று தெரிய வேண்டுமா? வருடாந்தரச் சராசரி போதும். இன்று பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பலாமா என்று சொல்ல வேண்டுமா? மணிக்கு மணி எண் வேண்டும். புகை செங்கல் சூளையிலிருந்தா, லாரியிலிருந்தா, குப்பை எரிப்பதிலிருந்தா? அதற்கு வடிதாளில் படிந்த தூசை ரசாயனப் பகுப்பாய்வு செய்ய வேண்டும். மூன்றும் மூன்று வேறு திட்டங்கள், செலவும் வேறு வேறு. எல்லாம் வேண்டும் என்று எழுதினீர்கள் என்றால் எதுவும் உருப்படியாக நடக்காது.

இந்தியாவில் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981-ல் வந்தது. 1984-ல் கண்காணிப்பு தொடங்கியபோது இருந்தவை வெறும் 7 நிலையங்கள், அதுவும் ஆக்ரா, அன்பரா என்ற இரண்டு ஊர்களில். ஒன்றில் தாஜ்மகால் நிற்கிறது. இன்னொன்று அனல்மின் நிலையம் உள்ள ஊர். சிறியதாகத் தொடங்கியதில் தவறே இல்லை என்பது என் கட்சி.

படி 2: எந்த மாசு, என்ன வரம்பு

2009-ல் இந்தியா அறிவித்த தரநிலையில் 12 மாசுகள் உள்ளன. புதிதாகத் தொடங்கும் நாடு பன்னிரண்டையும் துரத்த வேண்டியதில்லை. பிஎம் 2.5 என்ற நுண்துகளில் தொடங்குங்கள். நுரையீரலின் அடி ஆழம் வரை போவது அதுதான். அப்புறம் அதைவிடப் பெரிய துகள்களையும் சேர்த்த பிஎம் 10, நைட்ரஜன் டைஆக்சைடு, ஓசோன்.

பிஎம் 2.5-க்கு இந்திய வரம்பு கன மீட்டருக்கு 24 மணி நேரச் சராசரி 60 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரி 40. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்த ஆண்டு அளவு 5. இந்த இடைவெளியைப் பார்த்து மலைக்க வேண்டாம். அதே நிறுவனம் 35, 25, 15, 10 என்று இடைக்காலப் படிக்கட்டும் கொடுத்திருக்கிறது.

படி 3: எத்தனை நிலையங்கள், எங்கே

மிதக்கும் தூசுக்கு இந்தியாவில் ஒரு கணக்கு உண்டு. 10 லட்சத்திலிருந்து 50 லட்சம் வரை மக்கள் உள்ள நகரம் என்றால் 7.5 நிலையம், அதோடு ஒவ்வொரு லட்சத்துக்கும் 0.25. 20 லட்சம் பேர் உள்ள நகரத்துக்கு 7.5 + 5, அதாவது 12 அல்லது 13. பெரும்பாலான நாடுகளின் பட்ஜெட் இதைத் தாங்காது. ஆனாலும் போட்டுப் பாருங்கள், நிதித்துறையிடம் பேச ஒரு எண்ணாவது கையில் இருக்கும்.

இடம் தேர்வதில்தான் பாதிப் பிழை நடக்கிறது. காற்றை உறிஞ்சும் வாய் தரையிலிருந்து 3 முதல் 10 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். பக்கத்துக் கட்டடம் அந்த வாயைவிட எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளி வைக்க வேண்டும். நடைமுறையில் சாவி யாரிடம் எளிதாகக் கிடைக்கிறதோ அந்த அரசுக் கட்டடத்தின் மொட்டைமாடிதான் நிலையமாகிறது. போய் வைக்குமுன் ஒரு முழு நாள் அங்கே உட்கார்ந்து பாருங்கள். கீழே சமையல்கூடம் இருக்கிறதா, ஜெனரேட்டர் எந்தப் பக்கம் புகை விடுகிறது என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று: இந்திய நிலையங்கள் பெரும்பாலும் நகரங்களில்தான். விறகு அடுப்பும் வயல் எரிப்பும் உள்ள கிராமத்துக் காற்றைப் பற்றி நிலையங்கள் அதிகம் பேசுவதில்லை. புதிய திட்டத்தில் இரண்டு கிராமத்து நிலையங்களை முதல் நாளே எழுதிவையுங்கள். பிறகு சேர்க்கலாம் என்றால் சேர்க்கவே மாட்டார்கள்.

படி 4: கருவி

சரி, இப்போது மெஷினுக்கு வரலாம். எளிமையானது வடிதாள் முறை. பம்பு நிமிடத்துக்கு 16.67 லிட்டர் காற்றை இழுக்கிறது. 24 மணி நேரத்தில் 24,000 லிட்டர், அதாவது 24 கன மீட்டர். வடிதாளை முன்னும் பின்னும் எடை போடுகிறோம். 1.44 மில்லிகிராம் கூடியிருந்தால் 1,440 மைக்ரோகிராம். 24-ஆல் வகுத்தால் 60. இந்திய நாள் வரம்பைச் சரியாகத் தொட்டுவிட்டோம்.

இப்போது எடை போடுபவர் 0.1 மில்லிகிராம் தவறினால் என்ன ஆகும் என்று பாருங்கள். 100-ஐ 24-ஆல் வகுத்தால் 4 மைக்ரோகிராமுக்கு மேல்! உலக சுகாதார நிறுவனம் சொன்ன 5-க்குக் கிட்டத்தட்ட சமம். விரல் பட்ட பிசுக்கு, மழைநாள் ஈரம் எல்லாமே எடையாகக் கூடும். அதனால்தான் ஈரப்பதமும் வெப்பமும் மாறாத அறையில் தாளை ஒரு நாள் கிடத்திவிட்டு, இடுக்கியால் எடுத்து, நுண்தராசில் வைக்கிறோம். புது ஆய்வகத்துக்கு முதல் செலவு அந்த அறைக்குத்தான் என்பேன். இம்முறையில் இந்தியா வாரத்துக்கு இரண்டு நாள், வருடத்துக்கு 104 நாள் அளக்கிறது. நாட்டின் போக்கைப் பார்க்க இது போதும். இன்றைய எச்சரிக்கைக்கு உதவாது.

எச்சரிக்கைக்குத் தானியங்கி நிலையம். நாடாவில் படியும் தூசின் வழியே பீட்டா கதிரைப் பாய்ச்சி, எவ்வளவு தடுக்கப்படுகிறது என்று பார்த்து மணிக்கு மணி எண் தரும். வாயுக்களையும் சேர்த்து அளக்கும் முழு நிலையம் என்றால் ஒரு கோடி ரூபாயை ஒட்டியோ அதற்கு மேலோ ஆகும்.

மலிவு சென்சார்களை எடுத்தேன் கவிழ்த்தேன் என்று ஒதுக்காதீர்கள், கண்மூடி நம்பவும் செய்யாதீர்கள். அவை துகளை எடை போடுவதில்லை. லேசர் ஒளி எவ்வளவு சிதறுகிறது என்று பார்த்து ஊகிக்கின்றன. ஈரக்காற்றில் துகள் உப்பும், எண்ணும் உப்பும். தரமான கருவியின் பக்கத்திலேயே மழைக்காலத்தில் சில வாரம், குளிர்காலத்தில் சில வாரம் வைத்துத் திருத்தக் கணக்கு போட்டால், நிலையம் வைக்க முடியாத ஊர்களுக்கு இவை நல்ல துணை. செயற்கைக்கோளும் அப்படித்தான்: அது பார்ப்பது தரையிலிருந்து வானம் வரையிலான மொத்தத் தூசியை. நாம் மூச்சு விடும் உயரத்தில் எவ்வளவு என்று சொல்ல அதற்குத் தரை நிலையத்தின் எண் வேண்டும்.

படி 5: யார் ஓட்டுவார்கள்?

நான் உதவியாளனாக இருந்த ஓர் ஆய்வகத்தில் ஒரு நிலையத்தின் எண் மட்டும் மற்றவற்றைவிடப் பாதியாகவே வந்துகொண்டிருந்தது. சுத்தமான இடம் என்று அறிக்கையில்கூட எழுதிவிட்டோம். பிறகு ஒருநாள் பம்பின் மணிக்கணக்கு மீட்டரைப் பார்த்தால் 24-க்குப் பதில் 13. விசாரித்ததில், இரவுக் காவலாளி பம்பு சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று சுவிட்சை அணைத்துவிட்டு, விடிந்ததும் போட்டிருக்கிறார். நாங்கள் 24 மணி நேரம் என்று வகுத்துக்கொண்டிருந்தோம். அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பெட்டி எதற்கு என்று யாருமே அவரிடம் சொல்லவில்லை. பம்பை மாடியின் மறுகோடிக்கு மாற்றினோம், என்னவென்று விளக்கினோம். அதற்குப் பிறகு கரண்ட் போனால் முதல் போன் அவரிடமிருந்துதான் வரும்.

ஆகவே பட்ஜெட்டில் கருவி விலைக்குக் கீழே இந்த வரிகள் இருக்கட்டும்: ஐந்து வருடப் பராமரிப்பு ஒப்பந்தம், உதிரிபாகம், நாடாச் சுருள், அளவுத்திருத்தத்துக்கான வாயு சிலிண்டர், ஏசி, யூபிஎஸ், இரண்டு டெக்னீஷியன் சம்பளம், அவர்கள் போய்வர வண்டி. இந்தக் கூட்டுத்தொகை வரவில்லை என்றால் நிலையங்களைப் பாதியாகக் குறையுங்கள், வரிகளைக் குறைக்காதீர்கள்.

படி 6: தரவை யாருக்குக் கொடுப்பது

எல்லோருக்கும். காற்றின் நிலையை ஒரே எண்ணில் சொல்லும் இந்தியக் காற்றுத் தரக் குறியீட்டைக் கணக்கிடக் குறைந்தது 16 மணி நேரத் தரவு வேண்டும், மூன்று மாசுகளாவது இருக்க வேண்டும், அதில் ஒன்று பிஎம் 2.5 அல்லது பிஎம் 10 ஆக இருக்க வேண்டும். இதுபோன்ற விதியை முதலிலேயே எழுதி வெளியிட்டுவிட்டால், எண் வராத நாளில் ஏன் வரவில்லை என்று மக்களுக்குப் பதில் இருக்கும்.

அடுத்தவர் கருவியை நம்பி இருக்காதீர்கள். அமெரிக்கத் தூதரகங்கள் பல நகரங்களில் பிஎம் 2.5 அளந்து வெளியிட்டுவந்தன. 2025 மார்ச்சில் அந்தப் பகிர்வு நின்றுபோனது. அது ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்த ஊர்கள் என்ன செய்யும்? கருவி விற்பவரின் சர்வரில் மட்டும் தரவு கிடப்பதும் இதே கதைதான். டெண்டரில் ஒரு வரி சேருங்கள்: திருத்தாத மூலத் தரவு, திருத்திய தரவு, அளவுத்திருத்தப் பதிவேடு மூன்றும் தினமும் நம் சர்வருக்கு வர வேண்டும், வராத நாளுக்குப் பணம் பிடிக்கப்படும்.