பீரோவில் கிடக்கும் பழைய சிடி, ஐடிஇ ஹார்ட் டிஸ்க்: தூக்கிப் போடுவதற்கு முன்

பழைய பேக்கப் வைத்திருப்பவர்கள் அதில் என்ன இருக்கிறது என்று இந்த வாரமே திறந்து பாருங்கள். சிடி கெடுவதற்கு முன்னாலேயே அதைப் படிக்கிற டிரைவ் வீட்டை விட்டுப் போய்விடுகிறது. புது லேப்டாப்களில் டிவிடி டிரைவைக் காண்பதே அரிது, பழைய ஹார்ட் டிஸ்குகளை இணைக்கும் ஐடிஇ என்ற 40 பின் கேபிள் செருகும் மதர்போர்டெல்லாம் எப்போதோ போயாச்சு.

முதலில் சிடி. யூஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்றை இரவல் வாங்கினாலும் போதும். தூசி இருந்தால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்து விழும் கீறல் தடத்தோடேயே ஓடி, ஒரே இடத்தில் நிறைய தகவலை அடித்துவிடும். எல்லோரும் பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் பொத்திப் பொத்தி வைக்கிறோம், ஆனால் சிடியில் தகவல் இருப்பது மேலே, லேபிளுக்கு அடியிலேயே. அடிப்பக்கக் கீறலைச் சமாளிக்கலாம், மேல்பூச்சு உரிந்தால் தகவலும் அதோடு உரிந்துவிடும். என் அக்காவின் கல்யாண சிடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது ஊசி முனை அளவில் நாலைந்து ஓட்டை தெரிந்தது, எனக்குப் பகீரென்றது.

அந்த மாதிரி சிடியைச் சாதாரணமாக காப்பி செய்தால் பாதியில் நின்றுவிடும். லினக்ஸில் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற தகவல் மீட்கும் மென்பொருளைப் போடுங்கள், செக்டர் (தகவல் பதிந்திருக்கும் சின்னத் துண்டு) அளவு 2048 பைட் என்று கொடுங்கள். அது சுலபமாக வருவதை முதலில் எடுத்துக்கொண்டு, வராத இடங்களை ஒரு மேப் ஃபைலில் குறித்து வைக்கும். அப்புறம் அதே சிடியை வேறொரு டிரைவில் போட்டு, அதே மேப் ஃபைலோடு ஓட்டினால் விட்ட இடங்களை மட்டும் மறுபடி முயலும். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிப்பது நிறைய நடக்கிறது.

ஐடிஇ டிஸ்குக்கு யூஎஸ்பி அடாப்டர் வேண்டும். 3.5 அங்குல டிஸ்க் என்றால் 12 வோல்ட் தரும் தனி பவர் சப்ளையோடு வருவதை வாங்குங்கள், யூஎஸ்பி கரண்டில் அது சுற்றாது. டிஸ்க் தெரியவில்லையா? பின்பக்கப் பின்களில் செருகியிருக்கும் ஜம்பர் என்ற சின்ன மூடியை, மாஸ்டர் என்று குறித்த இடத்தில் வைத்துப் பாருங்கள். டக், டக் என்று அடித்தால் உடனே பவரை நிறுத்துங்கள். ஃப்ரிட்ஜில் வைத்து எடு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், உள்ளே ஈரம் கோத்துக்கொண்டால் கொஞ்சநஞ்ச வாய்ப்பும் போய்விடும். விலைமதிப்பில்லாத தகவல் என்றால் டேட்டா ரெக்கவரி செய்பவர்களிடம் கொடுத்துவிடுவதே நல்லது.

எடுத்த கடிதங்கள் கட்டம் கட்டமாகவோ விசித்திரக் குறிகளாகவோ தெரிந்தால் ஃபைல் கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். அது பாமினி, டாப், திஸ்கி என ஏதோ ஒரு பழைய எழுத்துருவில் அடித்ததாக இருக்கும், என்எச்எம் கன்வர்ட்டர் என்ற எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போட்டு யூனிகோடாக மாற்றினால் தமிழ் திரும்ப வந்துவிடும்.

சரி, காலியான 160 ஜிபி டிஸ்கை என்ன செய்வது? டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் பாருங்கள், ரீஅலகேட்டட் (கெட்டுப்போனதால் மாற்றப்பட்டவை), பெண்டிங் (படிக்க முடியாமல் சந்தேகத்தில் இருப்பவை) செக்டர்கள் இரண்டும் பூஜ்யமாக இருந்தால் பத்திர ஸ்கேன், சான்றிதழ், முக்கியமான போட்டோ இவற்றின் மூன்றாவது பிரதியை அதில் வைக்கலாம். அதை மட்டுமே நம்பி எதையும் வைக்காதீர்கள். எஃப்ஏடி32 ஃபார்மேட்டில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் கவரில் போட்டு, உள்ளே என்ன, கடைசியாக எப்போது ஓட்டினீர்கள் என்று ஸ்டிக்கரில் எழுதி, அடாப்டரையும் அதே கவரில் வையுங்கள்.