ஓரமாகப் போகாதீர்கள்: சென்னைச் சாலையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு

சைக்கிளை எடுத்தவுடனே எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: ஓரமாகப் போ. வீட்டில் சொல்வார்கள், சிக்னலில் நிற்கும் போலீஸ்காரர் சொல்வார், பின்னால் ஹாரன் அடிக்கிற கார்காரரும் சொல்வார். அதை அப்படியே கேட்டு நடந்தால் சென்னையில் அடிபடத்தான் வேண்டியிருக்கும். ஏன், அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்பதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

நான் ஒரு லேபில் டெக்னீஷியன். வீடு ஆதம்பாக்கம், வேலை ராயப்பேட்டையில். கிண்டி, சின்னமலை, மறைமலையடிகள் பாலம், சைதாப்பேட்டை, நந்தனம், தேனாம்பேட்டை என்று அண்ணா சாலையோடு போகும் வழி. சைக்கிள் சாதாரண லேடீஸ் சைக்கிள், கியர் கிடையாது, முன்னால் கூடை. காலையில் என்னோடு அந்தச் சாலையில் போகிறவர்களும் அப்படித்தான். நைட் டியூட்டி முடித்துத் திரும்பும் வாட்ச்மேன்கள், கேரியரில் டிபன் பாக்ஸும் கரண்டியும் கட்டிய கொத்தனார்கள், டீ கேனை மாட்டிக்கொண்டு போகிறவர்கள், அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிளஸ் ஒன் பிள்ளைகள். சைக்கிள் அவர்களுக்குப் பொழுதுபோக்கு இல்லை, பிழைப்பு. இதை எழுதும்போது என் மனதில் இருப்பவர்கள் அவர்கள்தான்.

எங்கே ஓட்டுவது

சாலையின் இடது ஓரத்திலிருந்து சுமார் ஒரு மீட்டர் உள்ளே தள்ளி ஓட்டுங்கள். ஓரத்தில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள்: மணல், மழைநீர் வடிகாலின் உடைந்த மூடி, சாலை மட்டத்துக்குக் கீழே இறங்கிப்போன மேன்ஹோல், நிறுத்திவைத்த பைக்குகள், எதிர்திசையில் வருகிற ஸ்கூட்டர். இவற்றில் ஒவ்வொன்றுக்கும் நீங்கள் சட்டென்று வலப்பக்கம் ஒடிக்க வேண்டிவரும். அப்படி ஒடிக்கிற அந்த நொடிதான் ஆபத்து. பின்னால் வருகிறவர் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

இன்னொரு காரணமும் உண்டு. நீங்கள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு போனால், பின்னால் வரும் காருக்கு ஸ்டியரிங்கைத் திருப்பாமலே கடந்துவிடலாம் என்று தோன்றும். அவர் கண்ணாடி உங்கள் முழங்கையை உரசிக்கொண்டு போவது இதனால்தான். ஒரு மீட்டர் உள்ளே இருந்தால் அவர் கொஞ்சமாவது விலகியாக வேண்டும். விலக வேண்டுமென்றால் உங்களைக் கவனித்தாக வேண்டும். நமக்கு வேண்டியது அந்தக் கவனம்தான்.

நிறுத்திவைத்த வண்டிகளுக்கு நடுவே காலி இடம் கிடைத்தால் உள்ளே போய், அடுத்த வண்டி வந்ததும் வெளியே வந்து என்று வளைந்து வளைந்து ஓட்டாதீர்கள். நேர்க்கோட்டில் போங்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கிறது. 15 கிலோமீட்டரில் மிதிக்கும் நாம் 4 மீட்டர்தான். நமக்கு 35 மீட்டர் பின்னால் இருக்கிற கார் ஐந்து நொடியில் நம் பக்கத்தில் இருக்கும். ஆகவே வலது கைப்பிடியில் ஒரு சின்னக் கண்ணாடி மாட்டிக்கொள்ளுங்கள். சைக்கிளுக்கு முதலில் வாங்க வேண்டிய சாமான் அதுதான் என்பேன். கண்ணாடியில் பார்த்தாலும், விலகுவதற்கு முன் ஒருமுறை தலையைத் திருப்பியும் பாருங்கள். தலை திரும்புவதைப் பின்னால் வருகிறவர் பார்க்கிறார். கை காட்டுவதைவிட அது சில சமயம் நன்றாக வேலை செய்கிறது.

மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்துச் சாலையைக் குறுக்கியிருக்கும் இடங்களில் ஒரு மீட்டர் கணக்கெல்லாம் போதாது. ஒரு கார் மட்டுமே போகக்கூடிய அகலம் என்றால் நடுவில் போய்விடுங்கள். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். அந்தத் தடுப்புக்கும் காருக்கும் நடுவே சிக்கினால் விழுவதற்குக்கூட இடமில்லை. அகலமான இடம் வந்ததும் ஒதுங்கி, கையை அசைத்து, போகச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் அதோடு சமாதானமாகிவிடுகிறார்கள்.

வண்டிக்கு வண்டி புத்தி வேறு

மோசமாக ஓட்டுகிறவர்கள் கண்டபடி ஓட்டுவதாகத்தான் முதலில் தோன்றும். கொஞ்ச நாள் கவனித்தால் ஒவ்வொரு வண்டியும் ஒரே தப்பைத்தான் திரும்பத் திரும்பச் செய்கிறது என்று தெரியும். எது எப்போது வரும் என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

ஷேர் ஆட்டோவில் தொடங்கலாம். இண்டிகேட்டர் போடாமல், உங்களை முந்திய கையோடு, உங்கள் மூக்குக்கு முன்னால் நிற்கும். இதற்கு ஆட்டோவைப் பார்த்துப் பயனில்லை. சாலையோரத்தில் நிற்கிறவர்களைப் பாருங்கள். ஒருவர் நடைபாதையிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்து, கையைப் பாதி தூக்குகிறார் என்றால், உங்களுக்குப் பின்னால் வரும் ஆட்டோ அவர் எதிரில்தான் நிற்கும். அப்போதே பெடலை நிறுத்திவிடுங்கள். உள்ளே உட்கார்ந்திருக்கும் பயணி முன்னால் குனிந்து டிரைவர் தோளைத் தட்டினாலும் அதே கதைதான்.

மாநகரப் பேருந்து வேறு மாதிரி. பேருந்து உங்களை முந்திப்போய் நிறுத்தத்தில் ஒதுங்கும், நீங்கள் அதைத் தாண்டுவீர்கள், மறுபடி அது உங்களை முந்தும். இந்த ஆட்டத்தில் இறங்காதீர்கள். நிறுத்தத்தில் நிற்கிற பேருந்தைக் கண்டால் பின்னாலேயே நின்று விசிலைக் கேளுங்கள். கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்துவிட்டார் என்றால் பேருந்து வலப்பக்கம் வெட்டிக்கொண்டு கிளம்பப் போகிறது, தாண்டப் பார்க்காதீர்கள். பேருந்துக்கும் நடைபாதைக்கும் நடுவில் எந்தக் காரணத்துக்காகவும் நுழையக்கூடாது. நீளமான வண்டி திரும்பும்போது அதன் பின்சக்கரம் முன்சக்கரம் போன வழியில் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். லாரிக்கும் இதுவே. டிரைவரின் முகம் அவருடைய பக்கக் கண்ணாடியில் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், அவருக்கும் நீங்கள் தெரியவில்லை.

தண்ணி லாரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காலி லாரி அடுத்த லோடுக்கு ஓடுகிற அவசரத்தில் வரும். நிறைந்த லாரி வழியெல்லாம் தண்ணீரைச் சிந்திக்கொண்டு போகும், அந்த ஈரத்தில் வெள்ளைப் பெயின்ட் கோட்டின் மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும். பின்னால் தண்ணி லாரி சத்தம் கேட்டால் நான் போட்டி போடுவதில்லை. பக்கத்தில் எங்காவது இடம் பார்த்து ஒதுங்கி நின்று, அது போனபிறகு கிளம்புவேன்.

எதிர்திசையில் வரும் பைக் சாலையின் ஓரத்தை ஒட்டித்தான் வரும். நீங்கள் ஏற்கெனவே ஒரு மீட்டர் உள்ளே இருந்தால் அவர் உங்களுக்கும் நடைபாதைக்கும் நடுவே போய்விடுவார். வேகத்தைக் குறையுங்கள், மணி அடியுங்கள், ஆனால் கோட்டை மாற்றாதீர்கள். அவருக்காக வலப்பக்கம் ஒதுங்கினால் உங்கள் பின்னால் வரும் பேருந்தின் முன்னால் போய் நிற்பீர்கள்.

முந்திக்கொண்டு போய் உடனே இடப்பக்கம் திரும்புகிற கார்களும் இருக்கின்றன. கார் உங்களைத் தாண்டியும் வேகம் எடுக்கவில்லை, பக்கத்தில் ஒரு தெருவோ பெட்ரோல் பங்க்கோ வருகிறது என்றால், அது திரும்பப் போகிறது. முன்சக்கரத்தைப் பாருங்கள். இண்டிகேட்டர் பொய் சொல்லும், சக்கரம் பொய் சொல்லாது.

கதவு

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். நிறுத்திவைத்த காரின் வலப்பக்கக் கதவு திறக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். நம் ஊரில் இடப்பக்கக் கதவும் அதே அளவு ஆபத்தானது. நெரிசலில் நடுச்சாலையில் நிற்கிற காரிலிருந்து, பின்சீட்டில் இருப்பவர் அப்படியே இறங்கிவிடுவார். அவர் இறங்குகிற அந்த இடைவெளியில்தான் நாம் வருகிறோம்.

ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் எனக்கு இது நடந்தது. சிக்னலுக்கு முன்னால் வண்டிகள் நின்றுகொண்டிருந்தன. ஒரு வாடகைக் காரின் பின்கதவு முழுசாகத் திறந்தது. என் கைப்பிடி கதவின் உள்பக்கத்தில் இடித்து, கூடை நசுங்கி, நான் நடைபாதை விளிம்பில் விழுந்தேன். இடது மணிக்கட்டு வீங்கிவிட்டது. இறங்கிய பையன் காதில் இயர்போனைக்கூட எடுக்காமல், "பார்த்து வரக்கூடாதா அக்கா" என்றான். கார்க்காரர் கதவைச் சாத்தச் சொன்னார், சிக்னல் விழுந்தது, போய்விட்டார்கள். மணிக்கட்டு வலி போன பிறகும் அந்தக் கேள்வி எனக்கு ஆறவில்லை. திறக்கிறவர்தானே பார்க்க வேண்டும்?

அதற்குப் பிறகு பழகிக்கொண்டவை இவை. நிற்கிற கார்களின் பக்கத்தில் நடக்கிற வேகத்துக்கு மேல் போகக்கூடாது. பின்கண்ணாடி வழியாக உள்ளே தலைகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தால் கதவைத் திறக்கப் போகிறார், அல்லது பணம் எடுக்கிறார், இரண்டும் ஒன்றுதான். வாடகைக் காராக இருந்து, பக்கத்தில் அலுவலகமோ ஆஸ்பத்திரி வாசலோ இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. நிறுத்திய கார்களைக் கடக்கும்போது ஒரு கதவின் அகலம் விட்டுப் போங்கள், அதுவும் ஒரு மீட்டர்தான். ஏசி காரின் மூடிய கண்ணாடிக்குள் சைக்கிள் மணி கேட்காது. தொண்டையைத் திறந்து "அண்ணா!" என்று கத்துங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

கார் வைத்திருக்கிற நண்பர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது ஒரு சின்னப் பழக்கம். கதவைப் பக்கத்தில் இருக்கும் கையால் திறக்காமல், எட்ட இருக்கும் கையால் திறங்கள். டிரைவர் இருக்கையில் என்றால் இடது கை. உடம்பு தானாகத் திரும்பும், கண் பின்னால் போகும், வருகிற சைக்கிள் தெரியும். நெதர்லாந்தில் இப்படித்தான் பழக்குகிறார்கள். காசு செலவில்லை, அதிக நேரமும் ஆகாது.

சிக்னலில்

நேராகப் போக வேண்டும் என்றால் சிக்னலில் இடது ஓரத்தில் நிற்காதீர்கள். இடப்பக்கம் திரும்புகிறவர்கள் ஹாரன் அடித்தே உங்களைத் தள்ளுவார்கள், பச்சை விழுந்ததும் குறுக்கே வெட்டுவார்கள். எல்லோருக்கும் முன்னால், டிரைவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் நில்லுங்கள். ஆனால் ஜீப்ரா கிராஸிங்கின் மேல் நிற்காதீர்கள், நடக்கிறவர்கள் நம்மைவிடப் பாவம்.

வலப்பக்கம் திரும்ப வேண்டுமா? பெரிய சந்திப்பில் வண்டிகளோடு சேர்ந்து திரும்பாதீர்கள். நேராகக் கடந்து எதிர்முனைக்குப் போய், அங்கே சைக்கிளைத் திருப்பி வைத்துக்கொண்டு, அடுத்த பச்சையில் போங்கள். ஒரு சிக்னல் அதிகம் ஆகும், அவ்வளவுதான். மேம்பாலத்தில் ஏறாமல் கீழே போவது நல்லது. மேலே ஏறும்போது நம் வேகம் குறையும், பின்னால் வருகிறவரின் வேகம் கூடும்.

ராத்திரிக்கு: பின்னால் சிவப்பு மின்னும் விளக்கு, முன்னால் வெள்ளை விளக்கு, இரண்டும் சில நூறு ரூபாய்தான். எதிரே ஹைபீமில் வந்தால் விளக்கைப் பார்க்காமல் சாலையின் இடது விளிம்பைப் பாருங்கள். மழையில் தேங்கிய தண்ணீருக்குள் முதல் ஆளாகப் போகாதீர்கள், முன்னால் ஒரு பைக் போன தடத்தில் போங்கள்.

சண்டை போடுவதா

உரசிக்கொண்டு போன காரை அடுத்த சிக்னலில் பிடித்துவிடலாம், சைக்கிளுக்கு அது சுலபம். கோபமும் நியாயமானது. ஆனால் கண்ணாடியைத் தட்டிக் கத்துவதால் எதுவும் மாறி நான் பார்த்ததில்லை. வண்டி எண், இடம், நேரம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். சென்னைப் போக்குவரத்துக் காவலின் உதவி எண் 103. அவர்களுடைய சமூக ஊடகப் பக்கத்திலும் படத்தோடு போடலாம். எதிர்திசையில் ஓட்டுவது, சிவப்பில் தாண்டுவது, கையில் போனை வைத்துக்கொண்டு ஓட்டுவது எல்லாம் 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆவது பிரிவில் ஆபத்தான ஓட்டுதலாகவே வரும். முதல் தடவைக்கே 1,000 ரூபாயிலிருந்து 5,000 வரை அபராதம், சிறையும் உண்டு. புகாரில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

அடிபட்டுவிட்டால்

108-ஐக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டுக்குள் நடந்த சாலை விபத்து என்றால், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசின் இன்னுயிர் காப்போம் திட்டம் இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கியது. திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும், நிர்ணயித்த தொகை வரை, பணம் கட்டச் சொல்லாமல் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறவருக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு, அதனால் தூக்கத் தயங்குகிறவர்களிடம் அதைச் சொல்லுங்கள்.

லைசென்ஸ் இல்லை, இன்ஷூரன்ஸ் இல்லை, சைக்கிள்காரனுக்கு யார் கொடுப்பார்கள் என்று வாட்ச்மேன் ஒருவர் என்னிடம் கேட்டார். சைக்கிளுக்கு லைசென்ஸும் தேவையில்லை, இன்ஷூரன்ஸும் தேவையில்லை. இடித்த வண்டிக்குக் கட்டாயமாக இருக்க வேண்டிய மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் இதற்காகத்தான் இருக்கிறது. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் கேட்கலாம். இடித்துவிட்டு நிற்காமல் போய், வண்டி எது என்றே தெரியவில்லை என்றாலும் வழி இருக்கிறது: 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள திட்டப்படி படுகாயத்துக்கு 50,000 ரூபாய், உயிரிழப்புக்குக் குடும்பத்துக்கு 2 லட்சம். எல்லாவற்றுக்கும் அடிப்படை எஃப்ஐஆர். ஸ்டேஷனில் "சைக்கிள்தானே, பேசி முடிச்சுக்கோங்க" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். புகாரை எழுத்தில் கொடுங்கள், வண்டி எண்ணும் பார்த்தவர் ஒருவரின் போன் எண்ணும் அதில் இருக்கட்டும். புகார் கொடுத்தவருக்கு எஃப்ஐஆர் நகலை இலவசமாகத் தர வேண்டும், அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.