திறக்காமலே திட்டப்படும் புத்தகங்கள்: பழைய ஆங்கிலப் பாடநூல்களைப் பற்றித் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கில இலக்கணத்தின் சட்டாம்பிள்ளைத்தனம் யாரால் வந்தது, அமெரிக்கர்கள் ஏன் வேறு மாதிரி எழுதுகிறார்கள் என்ற பேச்சு எழுந்தால் இரண்டு பெயர்கள் கட்டாயம் அடிபடும். ஒருவர் அமெரிக்க அகராதிக்காரர் நோவா வெப்ஸ்டர், மற்றவர் இங்கிலாந்தின் இலக்கணக்காரர் ராபர்ட் லௌத். முன்னவருக்கு மாலை, பின்னவருக்கு வசவு. மாலை போடுகிறவர்களும் வசை பாடுகிறவர்களும் பெரும்பாலும் அந்தப் புத்தகங்களைப் புரட்டியவர்கள் அல்லர். இத்தனைக்கும் இந்த நூல்கள் ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கட்டுரை எழுதுகிறவர்கள், ஆங்கில ஆசிரியர்கள், பழம்புத்தகம் சேர்க்கிறவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பச் சறுக்கும் இடங்களை மட்டும் இங்கே பார்ப்போம்.

வெப்ஸ்டரிலிருந்து தொடங்கலாம். 1783இல் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் அவர் வெளியிட்ட எழுத்துக்கூட்டல் நூலில்தான் அமெரிக்க எழுத்துமுறை பிறந்தது என்று எழுதாதவர்களே குறைவு. அந்த நூலில் ஹானர், ஃபேவர் போன்ற சொற்களில் 'யு' என்ற எழுத்து பத்திரமாக இருக்கிறது. அதுமட்டுமல்ல, அந்த எழுத்தை நீக்கி எழுதுகிறவர்களை வெப்ஸ்டர் முன்னுரையில் கேலியும் செய்கிறார்: ஒலிக்கிற எழுத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, ஒலிக்காத எழுத்தை வைத்துக்கொண்டார்களாம். அவர் மனம் மாறியது பிறகுதான். 1789இல் எழுத்துச் சீர்திருத்தத்துக்காக வாதாடினார். 1806இல் வந்த சிறிய அகராதியிலும் 1828இல் வந்த பெரிய அகராதியிலும் புதிய எழுத்துமுறையை நிலைநாட்டினார். ஆகவே 'வெப்ஸ்டர் இப்படி எழுதினார்' என்று சொல்வதற்கு முன் எந்த ஆண்டின் வெப்ஸ்டர் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் 1783ஆம் ஆண்டு நூலில் புதுமை எதுவுமே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது அசை பிரிப்பில். அதுவரை அமெரிக்கப் பள்ளிகளில் கோலோச்சியது 1740இல் இங்கிலாந்தில் வெளியான தாமஸ் டில்வொர்த்தின் நூல். பெஞ்சமின் பிராங்ளின் 1747இல் அதைப் பிலடெல்பியாவில் அச்சிட்டார். வெப்ஸ்டரும் சிறுவயதில் அதில்தான் படித்தார். 'க்ளஸ்டர்' என்ற சொல்லை டில்வொர்த் பிரிக்கும்போது 'சி, எல், யு' என்ற மூன்று எழுத்துகளோடு முதல் அசையை நிறுத்திவிடுவார். பிள்ளை அதைக் கூட்டினால் வாயில் 'க்ளூ' என்றுதான் வரும். வெப்ஸ்டர் அடுத்த 'எஸ்' எழுத்தையும் முதல் அசையில் சேர்த்தார். இப்போது 'க்ளஸ்' என்று சரியாக வந்துவிடும். சின்ன மாற்றம்தான், ஆனால் வகுப்பறையில் பெரிய மாற்றம்.

இது ஏன் அவ்வளவு முக்கியம் என்பது விளங்காமல் போவதற்கு இன்னொரு தவறு காரணம். இந்த நூல்களை வெறும் எழுத்துப்பிழை திருத்தும் பட்டியல்களாக நினைத்துக்கொள்வது. உண்மையில் அவை வாசிக்கக் கற்றுக்கொடுத்த நூல்கள். எழுத்துக்கூட்டி வாசித்த அனுபவம் உள்ள நமக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. 'பி, ஏ – பே. கே, இ, ஆர் – கர். பேக்கர்' என்று பிள்ளைகள் உரக்கக் கூட்டிச் சொன்னார்கள். வெப்ஸ்டர் நூலில் ஈரசைச் சொற்களின் அட்டவணை இந்தப் 'பேக்கர்' என்ற சொல்லில் தொடங்குவதால், 'உன் பிள்ளை பேக்கர் வரைக்கும் வந்துவிட்டானா?' என்று கேட்கும் அளவுக்கு அது ஒரு மைல்கல் ஆனது. இங்கிலாந்தில் எட்மண்ட் கூட் 1596இல் எழுதிய நூலிலும் அசைப் பயிற்சியோடு கிறிஸ்தவ வினாவிடை, பிரார்த்தனைகள், கடினச் சொற்களின் பட்டியல் எல்லாம் ஒரே அட்டைக்குள் இருந்தன. அந்தப் பட்டியலிலிருந்து தாராளமாக அள்ளிக்கொண்டுதான் ராபர்ட் காட்ரி 1604இல் முதல் ஆங்கில அகராதியை வெளியிட்டார். முதல் அகராதி 1755இல் சாமுவேல் ஜான்சன் எழுதியது என்று இன்னமும் எழுதுகிறவர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

இனி லௌத். ஆங்கிலத்தின் மேல் லத்தீன் விதிகளைத் திணித்த பிஷப் என்பது அவர் மீதுள்ள குற்றச்சாட்டு. 1762இல் பெயர் போடாமல் தன் ஆங்கில இலக்கணத்தை வெளியிட்டபோது அவர் பிஷப்பே அல்ல, அந்தப் பதவி 1766இல்தான் வந்தது. 'டு' என்பதற்கும் வினைச்சொல்லுக்கும் நடுவே வேறு சொல் நுழையக் கூடாது என்ற விதியை அவர் தலையில் கட்டுகிறார்கள். அவர் நூலில் அப்படி ஒரு விதியே இல்லை, அது 19ஆம் நூற்றாண்டின் சரக்கு. இரண்டு எதிர்மறைகள் சேர்ந்தால் உடன்பாடாகிவிடும் என்பதை அவர் சொன்னது உண்மை. ஆனால் ஜேம்ஸ் கிரீன்வுட் அதை 1711இலேயே எழுதிவிட்டார்.

பிரிபொசிஷனில், அதாவது 'டு', 'வித்' போன்ற முன்னிடைச்சொல்லில், வாக்கியத்தை முடிக்கக் கூடாது என்ற கதைதான் இவற்றில் சுவையானது. முதலில் இதைக் குறையாகச் சுட்டியவர் கவிஞர் ஜான் டிரைடன், 1672இல். லௌத் தடை எதுவும் விதிக்கவில்லை. இது நம் மொழி பெரிதும் சாய்கிற வழக்கு, சாதாரணப் பேச்சில் நிறைந்திருக்கிறது, இயல்பான எழுத்து நடைக்கும் நன்றாகப் பொருந்துகிறது, ஆனால் மற்ற வடிவம் இன்னும் நயமானது என்கிறார். அதைச் சொல்லும் ஆங்கில வாக்கியத்திலேயே 'இன்க்ளைண்ட் டு' என்று பிரிபொசிஷனைக் கடைசியில்தான் நிறுத்துகிறார். வேண்டுமென்றே செய்த குறும்பு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1795இல், லிண்ட்லி மர்ரி இதே வாக்கியத்தைத் தன் இலக்கணத்தில் எடுத்தாண்டபோது 'டு'வைப் பிடித்து முன்னால் இழுத்து வைத்துவிட்டார். குறும்பு போயிற்று, விறைப்பு வந்தது. லௌத் மேல் விழும் வசவில் பாதி மர்ரிக்குப் போக வேண்டியது. அதற்காக லௌத்தைச் சாது என்றும் நினைத்துவிட வேண்டாம். அடிக்குறிப்புகளில் ஷேக்ஸ்பியர், மில்டன், ஸ்விஃப்ட் என்று ஒருவர் விடாமல் பிழை பிடித்திருக்கிறார்.

மர்ரியைத் திருடன் என்பதும் சரியல்ல. பென்சில்வேனியாவில் பிறந்து, நியூயார்க்கில் வழக்கறிஞராகவும் வணிகராகவும் இருந்து, இங்கிலாந்தில் யார்க் நகருக்கு அருகே குடியேறியவர் அவர். அங்கிருந்த, குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் பெண்கள் பள்ளிக்காக எழுதிய நூல் அது. இது தொகுப்பு நூல்தான் என்று அவரே முன்னுரையில் சொல்லி, யார் யாரிடமிருந்து எடுத்தார் என்ற பெயர்களையும் தருகிறார். அது அமெரிக்காவிலும் சக்கைப்போடு போட்டது. எழுத்துக்கூட்டல் நூலில் யாரும் நெருங்க முடியாதிருந்த வெப்ஸ்டர், இலக்கண நூலில் மர்ரியிடம் தோற்றுப்போனார். பிற்பாடு, மர்ரி தன்னிடமிருந்து எடுத்துக்கொண்டார் என்று புகாரும் சொன்னார்.

இந்த வரலாற்றை ஆண்களின் வரிசையாக மட்டுமே எழுதுவது இன்னொரு பிழை. நியூகாசிலில் ஆன் ஃபிஷர் 1745இல் ஒரு இலக்கணம் வெளியிட்டார். வேண்டுமென்றே தவறாக எழுதப்பட்ட வாக்கியங்களைக் கொடுத்து, மாணவர்களைத் திருத்தச் சொல்லும் பயிற்சியை இலக்கண நூலுக்குள் கொண்டுவந்தவர் அவர். ரென் அண்ட் மார்ட்டினோடு மல்லுக்கட்டிய எவருக்கும் இந்தப் பயிற்சி பழக்கமானதுதான். மர்ரி 1797இல் பயிற்சி நூல் ஒன்றையும், விடைகளைத் தனி நூலாகவும் வெளியிட்டார். இங்கேதான் ஆராய்ச்சி மாணவர்கள் வழுக்கி விழுகிறார்கள்: பயிற்சிக்காகப் புனைந்த பிழை வாக்கியத்தை எடுத்து, அன்றைய மக்கள் இப்படித்தான் பேசினார்கள் என்று மேற்கோள் காட்டிவிடுகிறார்கள். எந்தத் தலைப்பின் கீழ் அந்த வாக்கியம் வருகிறது என்று பார்க்காமல் எடுக்கக் கூடாது.

ஸ்கேன் பிரதிகளில் சொல் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 18ஆம் நூற்றாண்டு அச்சில் சொல்லின் நடுவிலும் முதலிலும் வரும் 'எஸ்' நீண்டு, 'எஃப்' போலவே தெரியும். கணினியும் அப்படியே படித்துத் தொலைக்கும். 1978க்கு முந்தைய தமிழ் அச்சில் துதிக்கை வைத்த 'லை', 'ணை' எழுத்துகளைப் பார்த்து இன்றைய பிள்ளைகள் திகைப்பது போலத்தான். தேடிய சொல் கிடைக்கவில்லை என்றால் 'எஸ்' இருக்கும் இடத்தில் 'எஃப்' போட்டும் தேடிப் பாருங்கள்.

விற்பனைக் கணக்கை வைத்து எத்தனை பேர் படித்தார்கள் என்று முடிவு கட்டுவதும் கூடாது. வெப்ஸ்டர் நூல் கோடிக்கணக்கில் விற்றது உண்மை. ஆனால் பல பள்ளிகளில் பிள்ளைக்கொரு புத்தகம் என்ற வசதி கிடையாது. லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் எழுத்துக்கூட்டல் நூலின் பக்கங்களைப் பெரிய எழுத்தில் அட்டைகளாக்கிச் சுவரில் மாட்டி, ஒரே புத்தகத்தைக் கொண்டு நூற்றுக்கணக்கான சிறுவர்களைப் படிக்கவைத்தார். புத்தகமே இல்லாமல் எழுத்து கற்பிக்கும் வழி அதற்கு முன்பே நம் ஊரிலிருந்து போயிருந்தது. 1789 முதல் சென்னை எழும்பூர் ஆண்கள் அனாதை இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்து, அதைத் தன் மாணவர்களுக்கும் புகுத்தினார். மூத்த மாணவன் இளைய மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் அவருடைய ஏற்பாடு 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே இங்கிலாந்தில் பரவியது. விற்ற பிரதிகளைவிடப் படித்தவர்கள் பல மடங்கு இருந்திருக்கலாம்.

கடைசியாக, இணையத்தில் பழம்புத்தகம் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு. நீல அட்டை போட்ட வெப்ஸ்டர் நூல் என்றாலே 18ஆம் நூற்றாண்டு என்று நம்பிவிடாதீர்கள். 1783இல் வந்தது வேறு பெயரில் வந்த முதல் வடிவம், 1787இல் பெயர் மாறியது, 1829இல் முற்றிலும் திருத்தப்பட்ட இன்னொரு நூலாக வந்தது. சந்தையில் அதிகம் புழங்குவது கடைசியாகச் சொன்னதுதான், அது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அச்சாகிக்கொண்டிருந்தது. தலைப்புப் பக்கம், அதன் பின்புறம் இரண்டின் படத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். அனுப்பத் தயங்குகிற விற்பனையாளரிடம் 1783ஆம் ஆண்டுப் பிரதி இருக்க வாய்ப்பில்லை.