கல்லூரியின் காலி இடத்தை மனை போட்டு விற்கும் முன்

சேலத்திலிருந்து ஓமலூர் பக்கமோ ஆத்தூர் ரோட்டிலோ போனால், பெரிய காம்பவுண்டுக்குள் கட்டடங்கள் ஒரு மூலையில் நிற்க, மீதியெல்லாம் சீமைக்கருவேலம் மண்டிக்கிடக்கும் கல்லூரிகளைப் பார்க்கலாம். சேர்க்கை குறைகிறது, பேங்க் வட்டி ஏறுகிறது, பின்னால் கிடக்கும் அஞ்சு ஏக்கரை மனை போட்டு விற்றால் என்ன என்று அறங்காவலர் கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் காலியாகக் கிடப்பதாலேயே அந்த இடம் சும்மா இருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். காகிதத்தில் அது ஏற்கெனவே நாலு இடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்.

முதல் தவறு தீர்மானத்திலேயே நடக்கிறது. "உபரி நிலத்தை விற்க ஒப்புதல்" என்று எழுதிவிடுவார்கள். வருவாய்த்துறையில் உபரி என்றால் அர்த்தமே வேறு. 1961ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டப்படி வரம்புக்கு மேல் போனதால் அரசு எடுத்துக்கொள்ளும் நிலத்துக்குத்தான் அந்தப் பெயர். சில அறக்கட்டளைகள் கல்விக்காக என்று தனி அனுமதி வாங்கித்தான் வரம்புக்கு மேல் நிலம் வைத்திருக்கின்றன. அந்த நிலம் கல்விக்குத் தேவையில்லை என்று நீங்களே தீர்மானம் போட்டுக் கையெழுத்தும் வைத்தால், தாலுகா அலுவலகத்துக்கு வேலையை நீங்களே சுலபமாக்கிக் கொடுத்த மாதிரி. அந்த அனுமதி ஆணையைத் தேடி எடுத்துப் படித்த பிறகு தீர்மானம் எழுதுங்கள்.

அடுத்து தாய்ப்பத்திரம். நிலம் கிரயமாக வந்ததா, தானமாக வந்ததா? எனக்குத் தெரிந்த ஓர் இடத்தில் பேரம் முடிந்து, அட்வான்ஸும் வாங்கிய பிறகுதான் பழைய தானப்பத்திரத்தை யாரோ முழுசாகப் படித்தார்கள். கல்விக்கு மட்டுமே பயன்பட வேண்டும், மீறினால் வாரிசுகளுக்குத் திரும்ப வேண்டும் என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி. கொடுத்தவரின் பேரன்களுக்கு அந்த வரி மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. வில்லங்கச் சான்றில் இதெல்லாம் வராது, பத்திர நகலைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். அறக்கட்டளைப் பத்திரத்தில் விற்கும் அதிகாரம் தெளிவாக இல்லையென்றால், வக்கீலைப் பார்த்து மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி வாங்கிவிட்டுப் பேரத்துக்குப் போவதுதான் நிம்மதி. அரசு உதவி பெறும் நிறுவனம் என்றால் கல்வித்துறையின் எழுத்து அனுமதியும் வேண்டும்.

பலர் கவனிக்காமல் விடுவது கட்டட வரைபடத்தை. கல்லூரிக்கு டிடிசிபி என்ற நகர் ஊரமைப்பு இயக்ககத்தில் அனுமதி வாங்கும்போது தளப்பரப்புக் குறியீடு (இத்தனை நிலத்துக்கு இவ்வளவுதான் கட்டலாம் என்ற அளவு), பக்கத்து இடைவெளி, பார்க்கிங் எல்லாம் மொத்தக் காம்பஸையும் வைத்துத்தான் கணக்குப் போட்டிருப்பார்கள். பின்பக்கம் அஞ்சு ஏக்கரை வெட்டிவிட்டால், இன்றுவரை சரியாக இருந்த ஹாஸ்டல் நாளைக்கு விதிமீறலாகிவிடும். வரைபடத்தில் விளையாட்டு மைதானம் என்று காட்டிய இடம்தான் நீங்கள் விற்கப் பார்க்கும் இடமாகவும் இருக்கலாம். அப்புறம் தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் ஏஐசிடிஇ, இணைப்பு தரும் அண்ணா பல்கலைக்கழகம் அல்லது பெரியார் பல்கலைக்கழகம், இவர்களிடம் எத்தனை ஏக்கர் என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்? விற்ற பிறகு மிஞ்சும் நிலம் அவர்களின் இன்றைய விதிகளுக்குப் போதுமா, அதுவும் துண்டுதுண்டாக இல்லாமல் சேர்ந்தே இருக்கிறதா என்று சர்வேயரை வைத்து அளந்து பாருங்கள். எஃப்எம்பி என்ற சர்வே புலப்படத்தில் நடுவே ஓடையோ வண்டிப்பாதையோ புறம்போக்காக ஓடினால், நாற்பது வருஷமாகக் காம்பவுண்டுக்குள் இருந்தாலும் அது உங்களுடையது ஆகாது.

இப்போது கணக்குக்கு வருவோம். அஞ்சு ஏக்கர் என்றால் 2,17,800 சதுரடி, சதுரடி விலையால் பெருக்கினால் இவ்வளவு கோடி என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். ரோட்டுக்கு 30 சதவீதம் போகிறது என்று வையுங்கள், மீதி 1,52,460. அதில் 10 சதவீதம் பூங்காவுக்குத் திறந்தவெளி ஒதுக்கீடு. 10,000 சதுர மீட்டரைத் தாண்டிய மனைப்பிரிவில் அதற்குப் பதிலாகப் பணம் கட்டித் தப்பிக்க முடியாது, இடமாகவே தானம் எழுதிக் கொடுக்க வேண்டும். கையில் நிற்பது சுமார் 1,37,000 சதுரடி. இன்னும் சில ஒதுக்கீடுகளும் உண்டு, அதைச் சொல்லி வயிற்றெரிச்சலைக் கிளப்பவில்லை. மாஸ்டர் பிளானில் அந்த சர்வே எண் கல்வி உபயோகம் என்று இருந்தால் குடியிருப்பாக மாற்றும் படலம் வேறு. அனுமதி வாங்காமல் துண்டு போட்டு விற்கலாம் என்ற பழைய நினைப்பு வேண்டாம், 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட தடைக்குப் பிறகு பத்திரப்பதிவில் அது நடக்காது. 500 சதுர மீட்டருக்கு மேல் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் பதிவு இல்லாமல் விளம்பர போர்டுகூட வைக்கக் கூடாது.

பில்டருக்குப் பொது அதிகாரப் பத்திரம் (பவர்) எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது இன்னொரு வழக்கம். மனை வாங்கியவருக்குப் பிரச்சினை வந்தால் நிலத்தின் சொந்தக்காரராக உங்கள் பெயரும் வரும். நிர்வாக அறங்காவலரின் மச்சானுக்கே சல்லிசாக விற்பதும் அப்படித்தான், வருமான வரி விலக்குக்கே வேட்டு வைத்துவிடும். வந்த பணத்தை என்ன செய்யப் போகிறோம் என்று ஆடிட்டரிடம் கேட்பதும் கிரயத்துக்கு முன்னால் நடக்க வேண்டியது.

ஏற்காட்டில் இடம் வைத்திருக்கும் பள்ளிகளுக்கு இவ்வளவும் உண்டு, கூடவே மலையும் உண்டு. மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் கண்ணில் படாமல் மனைப்பிரிவு போட முடியாது. காபித் தோட்டமாக இருப்பதால் உச்சவரம்பிலிருந்து விலக்கு பெற்ற நிலத்தில் வீடு வந்தால் அந்த விலக்கு என்னாகும் என்று பார்க்க வேண்டும். சில்வர் ஓக் மரத்தை வெட்டவும் அனுமதி வேண்டும். இந்த மலையின் பழங்குடிகளான மலையாளி மக்களுக்கு அரசு ஒப்படைத்த நிலம் எப்போதோ கைமாறி வந்து உங்கள் சர்வே எண்ணோடு சேர்ந்திருந்தால், அதைத் தொடவே தொடாதீர்கள்.

கடைசியாகப் பாதை. பின்பக்கத்துக்குத் தனி வழி இல்லாததால் கல்லூரி கேட் வழியாகவே மனைக்கும் ரோடு காட்டிவிடுகிறார்கள். அந்த ரோடு ஊராட்சிக்கோ மாநகராட்சிக்கோ தானமாகப் போய்விட்டால் அது பொதுப்பாதை. அதற்குப் பிறகு ராத்திரி பத்து மணிக்கு கேட்டைப் பூட்ட வாட்ச்மேனுக்கு உரிமை கிடையாது.