கிளிமூக்கு முட்டை பொரிக்கலன்னா உடனே மெஷினை திட்டாதீங்க

கிளிமூக்கு விசிறிவால் கோழி வளர்க்க ஆசைப்படுற முக்காவாசி பேர் ஒரே ரூட்லதான் போறாங்க. முதல்ல போட்டோ பாத்து மயங்குறது, அப்புறம் ஆன்லைன்ல ஒரு தெர்மாகோல் பெட்டி இன்குபேட்டர் (முட்டை பொரிக்கிற மெஷின்), அப்புறம் யார்கிட்டயாவது காசு குடுத்து ஒரு டஜன் முட்டை, 21 நாள் கழிச்சு ரெண்டே ரெண்டு குஞ்சு, மிச்சமெல்லாம் கூமுட்டை, உடனே "மெஷின் சரியில்லைங்க". மெஷின்லயும் தப்பு இருக்கும்தான், அதுக்கும் வரேன். ஆனா பெரும்பாலும் அந்த முட்டை மெஷினுக்குள்ள போறதுக்கு முன்னாடியே கெட்டுப்போயிருக்கும்.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. இது பெருவிடைங்கிற பெரிய நாட்டுக்கோழி வகையறா, ஆனா சண்டைக்கு இல்ல, அழகுக்கு. குட்டையா வளைஞ்ச மூக்கு, வெள்ளைக் கண்ணு, விசிறி மாதிரி விரிஞ்ச வால். திண்டுக்கல், மதுரைப் பக்கமெல்லாம் இதுக்குன்னே கண்காட்சி நடக்கும், லட்சத்துல பேசுற சேவல்களும் உண்டு. இந்த ரேட்டுதான் பாதி பிரச்சனைக்கு காரணம். ஒரு நல்ல சேவல் கிடைச்சா அதையே மக மேல போட்டு, பேத்தி மேல போட்டு, அண்ணன் தங்கச்சியையும் சேர்த்து ஓட்டுறாங்க, ஏன்னா வெளிய இருந்து புதுசா வாங்க காசு வேணும். ஒருதடவை லைன் (வம்சத்தோட குணம்) பிடிக்கிறதுக்காக அப்படி சேர்க்கிறது வேற, தலைமுறை தலைமுறையா அதையே செய்யுறது வேற. ரத்தம் ரொம்ப நெருங்கிடுச்சுன்னா முதல்ல அடி வாங்குறது பொரிப்புத்திறன்தான். கரு கூடாது, கூடினாலும் பாதியில சாகும், பொரிச்சு வந்தாலும் மூக்கு கோணலா, கால் வளைஞ்சு வரும். அழகா இருக்குன்னு மூக்கு கோணிப்போன கோழியை ஜோடி போடாதீங்க, அது கிளிமூக்கு இல்ல, குறை. தூரத்துல இருக்கிற ரெண்டு மூணு பேர் சேர்ந்து சேவலை மாத்தி மாத்தி விட்டுக்கிட்டா செலவில்லாம இது சரியாகும், ஆனா நம்ம ஆளுங்க லைனை யாருக்கும் குடுக்க மாட்டாங்க, அது தனிக்கதை.

அடுத்தது, சேவல் மாத்துன உடனே "இது புது சேவல் முட்டை"ன்னு எடுத்து வைக்கிறது. பெட்டை உடம்புக்குள்ள பழைய சேவலோட விந்து ரெண்டு மூணு வாரம் உயிரோட இருக்கும். பழைய சேவலை பிரிச்சு மூணு வாரம் அந்த முட்டையை ஆம்லெட் போட்டுட்டு அதுக்கப்புறம் வர்ற முட்டையை அடைக்கு வைங்க. மேய்ச்சல்ல விட்ட பெட்டை பக்கத்து வீட்டு சிறுவிடை (சின்ன நாட்டுக்கோழி) சேவல்கிட்ட போயிட்டு வந்தாலும் இதே கணக்குதான். கொண்டையை பாத்தா ஓரளவு கண்டுபிடிக்கலாம். பெருவிடைக்கு கொண்டை சின்னதா, தலையோட ஒட்டி கட்டியா இருக்கும், சிறுவிடைக்கு நிமிந்து பல்லு பல்லா நிக்கும். ஆனா இந்த ஒட்டுக்கொண்டை மரபணு நிமிந்த கொண்டையை அமுக்கி வச்சிரும், அதனால கலப்பு குஞ்சும் கிட்டத்தட்ட பெருவிடை கொண்டையோடவே நிக்கும், கலப்பு ரெண்டை ஜோடி சேர்த்தா பேரன் காலத்துல திடீர்னு நிமிந்த கொண்டை வெளிய வரும். விக்கிறவன் "ஒரிஜினல் சார்"னு சத்தியம் பண்ணுவான், அவனுக்கே தெரியாம இருக்கவும் சான்ஸ் இருக்கு.

சேவல் கனமா, கொழுகொழுன்னு இருந்தாத்தான் கெத்துன்னு நினைச்சு பாதாம், முட்டைன்னு ஊட்டி கொழுக்க வைக்கிறாங்க. கொழுத்த சேவல் ஏறி மிதிக்கவே கஷ்டப்படும். காலு முள்ளு நீளமா இருந்தா பெட்டை முதுகை கிழிச்சிரும், அப்புறம் அது சேவலைக் கண்டாலே ஓடும், நுனியை தேய்ச்சு விடுங்க. ஒரு சேவலுக்கு நாலஞ்சு பெட்டை போதும், சிறுவிடை சேவல் பத்தை சமாளிக்குதேன்னு இதுக்கும் பத்து விடாதீங்க. பெட்டைக்கு வெறும் கம்பும் சோளமும் மட்டும் போட்டா முட்டை வரும், ஆனா உள்ள குஞ்சு வளர தேவையான வைட்டமின் அந்த முட்டையில இருக்காது. இருட்டுல முட்டை மேல லைட் அடிச்சுப் பாத்தா கரு நல்லா தெரியும், கடைசி வாரத்துல ஓட்டுக்குள்ளயே செத்திருக்கும். பொரிச்ச குஞ்சுல சிலதுக்கு கால்விரல் உள்பக்கமா மடிஞ்சு இருந்தா வைட்டமின் பி2 குறைபாடான்னு முதல்ல சந்தேகப்படுங்க. அடைக்கு முட்டை எடுக்கிறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே முருங்கைக்கீரை, அகத்தி, அசோலா (தண்ணியில மிதக்கிற பாசி மாதிரி செடி), கிளிஞ்சல் தூள், முடிஞ்சா பிரீடர் தீவனம் (அடை முட்டை விடுற கோழிக்கானது)னு ஆரம்பிக்கணும். லேயர் தீவனம் சாப்பாட்டு முட்டைக்காக போட்ட கணக்கு, குஞ்சுக்கு அது பத்தாது.

இப்ப முட்டை சேமிக்கிறது. இதுலதான் நம்மூர்ல அதிகமா கோட்டை விடுறாங்கன்னு நான் அடிச்சு சொல்லுவேன். பெருவிடை பெட்டை தினம் முட்டை விடாது, பத்து முட்டை சேர ரெண்டு மூணு வாரம் ஆகும், அதுவரைக்கும் முதல் முட்டை சமையல்கட்டு ஷெல்ஃப்ல கிடக்கும். முட்டை இருக்கிற இடம் 21 டிகிரி சொச்சம் தாண்டினாலே உள்ள கரு மெல்ல அசைய ஆரம்பிச்சிரும், கத்திரி வெயில்ல நம்ம வீட்டு ரூமே 35ல நிக்குது, அப்போ அந்த கரு கொஞ்சம் வளரும், ராத்திரி நிக்கும், மறுபடி வளரும், கடைசியில அடை வைக்கிறதுக்கு முன்னாடியே செத்துரும். ஏழாம் நாள் லைட் அடிச்சா ரத்த வளையமோ, இல்ல ஒண்ணுமே இல்லாம தெளிவாவோ தெரியும், "சேவல் சரியில்ல"ன்னு சேவலை விப்பாங்க. சரி ஃப்ரிட்ஜ்ல வைக்கலாமேன்னா அதுவும் தப்பு, 4 டிகிரி அதுக்கு ரொம்ப குளிர். 15லேருந்து 18 டிகிரிதான் சரி. வீட்ல அது கிடைக்காது, அதனால அகலமான மண்சட்டியில மணல் கொட்டி தண்ணி தெளிச்சு, மேல சாக்கு விரிச்சு, கூர்முனை கீழ இருக்கிற மாதிரி அடுக்கி, காத்தோட்டமான நிழல்ல வைங்க, தினம் ஒருதடவை சாய்வை மாத்துங்க. நல்ல சீசன்ல 7 நாள், வெயில் காலத்துல 4 நாள், அதுக்கு மேல வச்சு பொரிப்பை எதிர்பார்க்காதீங்க. பென்சில்ல தேதி எழுதுங்க, மார்க்கர் வேண்டாம். எச்சம் ஒட்டியிருக்குன்னு கழுவவும் கூடாது, மேல இருக்கிற மெல்லிய பூச்சு போச்சுன்னா கிருமி நேரா உள்ள போகும். பார்சல்ல வர்ற முட்டையா இருந்தா வந்தவுடனே உள்ள தள்ளாம கூர்முனை கீழ வச்சு ஒரு நாள் ஆற விடுங்க, பஸ்ல குலுங்கி வந்த காத்துப்பை (அகல முனைக்குள்ள இருக்கிற காத்து இடம்) கொஞ்சம் நிலைக்கு வரட்டும்.

பத்து முட்டை ஒரே நேரத்துல சேரலன்னா? நாலு இருந்தாலும் வைங்க. மெஷினே வேண்டாம், ஒரு சிறுவிடை அடைக்கோழி போதும். பெருவிடை பெட்டையையே அடைக்கு உக்கார வைக்கிறாங்க பாருங்க, கனம் தாங்காம முட்டை உடையும், பொரிச்ச குஞ்சையும் மிதிச்சிரும். சிறுவிடைக்கு பெருவிடை முட்டை எட்டு ஒன்பது தாராளம், அதுக்கு மேல வச்சா ஓரத்து முட்டை மாறி மாறி குளிரும். ராத்திரியில உக்கார வைங்க, பகல்ல மாத்தினா எழுந்து ஓடிரும். கோழி உடம்புல செல்லு (கோழிப்பேன்) இருக்கான்னு பாக்காம வைக்கிறது பெரிய தப்பு, செல்லு தாங்காம பாதியில கோழி எழுந்துரும், எழுந்தா 21 நாள் உழைப்பும் போச்சு. கூடையில வத்தல், கரித்துண்டு, இடிக்கு பயந்து ஒரு இரும்புத்துண்டு வைப்பாங்க எங்க ஊர்ல, அதனால கெடுதல் ஒண்ணும் இல்ல, பாட்டி மனசுக்காக வச்சிட்டு போங்க.

மெஷினுக்கு வருவோம். இருக்கிற பெரிய தப்பு டிஸ்ப்ளேயில தெரியுற நம்பரை நம்புறது. விலை குறைஞ்ச தெர்மோஸ்டாட் ஒரு டிகிரி ஏமாத்தும், சென்சார் பல்புக்கு பக்கத்துல தொங்குனா இன்னும் அதிகம். ஜுரம் பாக்குற டிஜிட்டல் தெர்மாமீட்டரை முட்டை மட்டத்துல வச்சு ஒருதடவை ஒப்பிட்டுப் பாருங்க, காசு செலவில்லாத டெஸ்ட். ஃபேன் இருந்தா 37.5, ஃபேன் இல்லாத பெட்டியில முட்டையோட மேல்மட்டத்துல 38.5 வரைக்கும். கொஞ்சம் குறைஞ்சா லேட்டா பொரிக்கும், 39ஐ தாண்டி நின்னா சாகும், அதனால கூட்டி வைக்கிறத விட குறைச்சு வைக்கிறதே மேல். கரன்ட் போனா திறந்து திறந்து பாக்காதீங்க, மூடியே வைங்க, ரெண்டு மணி நேரம் தாங்கும்.

ஈரப்பதம்னா "அதிகமா இருந்தா நல்லது"ன்னு கிண்ணம் கிண்ணமா தண்ணி வைக்கிறாங்க. முதல் 18 நாள் 50 சொச்சம் சதவீதம் போதும், சென்னை மாதிரி கடலோர ஊர்ல தண்ணியே வைக்காம ஓட்டலாம் சில மாசம். முட்டை எடை குறையணும், அதான் கணக்கு. 50 கிராம் முட்டை 18ஆம் நாள்ல ஆறு கிராம் போல குறைஞ்சு 44ல வந்து நிக்கணும். நகை எடை போடுற சின்ன தராசு இருந்தா நாலு முட்டைக்கு நம்பர் போட்டு வாரா வாரம் எடை பாருங்க. எடை குறையவே இல்லன்னா காத்துப்பை சின்னதா நின்னு, குஞ்சு மூச்சு விட இடமில்லாம உள்ளயே மூழ்கி செத்துரும். உடைச்சு பாத்தா கொழகொழன்னு தண்ணியா இருக்கும், அதை பாத்துட்டு "சூடு பத்தல"ன்னு இன்னும் கூட்டி வைப்பாங்க.

18ஆம் நாள்லேருந்து முட்டையை திருப்புறதை நிறுத்தி, ஈரத்தை 65, 70க்கு ஏத்தி, மூடியை தொடாதீங்க. குஞ்சு ஓட்டுல ஓட்டை போட்ட உடனே உடைச்சு விடத் துடிப்பாங்க. ஓட்டை விழுந்து வெளிய வர 12லேருந்து 24 மணி நேரம் வரைக்கும் கூட ஆகும், அந்த நேரத்துலதான் ரத்தக்குழாய் வத்தி, மஞ்சக்கரு வயித்துக்குள்ள இழுபடும். அவசரப்பட்டு பிச்சா ரத்தம் வரும், குஞ்சு தொப்புள் திறந்தபடி வந்து ரெண்டு நாள்ல போயிரும்.

குஞ்சு வந்ததும் நியூஸ்பேப்பர் விரிக்கிறது வேண்டாம், வழுக்கி கால் அகண்டு போகும், சாக்கு போடுங்க. பெருவிடை குஞ்சுக்கு இறகு லேட்டா முளைக்கும், அதனால மத்த நாட்டுக்கோழி கணக்குல லைட்டை சீக்கிரம் எடுத்துராதீங்க. 5லேருந்து 7 நாளுக்குள்ள வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய் வராம இருக்க கண்ணுல தடுப்பு சொட்டு மருந்து, இதுல மட்டும் சோம்பல் வேண்டாம்.

வால் எப்படி வரும்னு ரெண்டு மாச குஞ்சை பாத்தே முடிவு பண்ணி மீதியை கறிக்கு தள்ளுறவங்க இருக்காங்க. இந்த இனம் மெதுவாத்தான் முத்தும், வாலோட முழு வடிவம் தெரிய ஒரு வருஷத்துக்கு மேல ஆகும். அதுக்கு இடையில சேவல் குஞ்சுங்க சில வாரத்துலயே ஒண்ணையொண்ணு கொத்தி மண்டையை பிளந்துக்கும், கண்ணு போனது நிறைய. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி கூண்டு கட்ட இடம் இல்லன்னா அடுத்த ஈட்டு முட்டையை இப்போதைக்கு வைக்காதீங்க, சாப்பிட்டுருங்க.